பதினோராம் நம்பருக்கு ஒரு பூசை

என் அண்ணன் ஒரு காலத்தில் எங்கள் கரையில் பந்து உதைக்கிற ஆண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மார்க் போட்டுக்கொண்டிருந்தான். ஓட்டத்துக்கு இத்தனை, சாட்டத்துக்கு, அதாவது குதிப்புக்கு, இத்தனை, இடது காலுக்கு, வலது காலுக்கு, தலைக்கு, துணிச்சலுக்கு என்று தனித்தனியாக, எல்லாம் இருபதுக்கு. பள்ளிக்கூடத்தில் அவன் வாங்கிய மார்க்கைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

ஐஸ் பேக்டரியில் வேலை பார்த்த எங்கள் ஊர் கோல்கீப்பர், தனக்குச் சாட்டத்தில் ஒன்பதுதான் கிடைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஒருநாள் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். "யாருலே எனக்கு ஒம்பது போட்டது?" என்று முற்றத்தில் நின்று அவர் கேட்டதில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கலைந்து ஓடின. அண்ணன் வாதாடவில்லை. தென்னையில் கரிக்கட்டியால் உயரமாக ஒரு கோடு போட்டு, சாடித் தொடச் சொன்னான். அவரும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சாடினார். விழுந்து எழுந்து மறுபடியும் சாடினார். ஒருவழியாக விரல் கோட்டில் பட்டதும் அண்ணன் உள்ளே போய் ஒன்பதைப் பதினொன்றாக்கினான். அவர் கட்டன்சாயா குடித்துவிட்டுச் சமாதானமாகப் போனார்.

இத்தனையும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்காக. கம்ப்யூட்டர், கல்ஃபில் இருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, நாங்கள் படிப்பதற்கென்று வாங்கித் தந்தது. படிப்பைத் தவிர மற்ற எல்லாம் அதில் நடந்தது. அந்த விளையாட்டில் பந்தை நாம் உதைக்க முடியாது. நாம் மேனேஜர். பதினொரு பேரைத் தேர்ந்தெடுக்கலாம், யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லலாம். அதன்பிறகு பட்டனை அழுத்திவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பச்சைத் திரையில் நம்பர் எழுதிய வட்டங்கள் ஓடும். ஒரு வட்டம் இன்னொரு வட்டத்துக்குப் பந்தைத் தள்ளும். கீழே இங்கிலீஷில் வர்ணனை வரும். கான்வென்டில் ஆறாம் வகுப்பு படித்த நான்தான் அதை வீட்டுக்கு வாசித்துச் சொல்கிறவள்.

அதில் வெள்ளைக்காரத் தேசங்களின் லீக்குகள்தான் இருந்தன. ஆனால் பெயர்களை மாற்றி எழுத வழி உண்டு என்று அண்ணன் கண்டுபிடித்தான். ஏதோ ஒரு குளிர்தேசத்தின் ஆகக் கடைசி டிவிஷனை மொத்தமாக அழித்துவிட்டு, தேங்காய்ப்பட்டணத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உள்ள எட்டுக் கரைகளை அதில் கொண்டு வைத்தான். கடற்கரை லீக் என்று பெயர். எட்டு ஊர், எட்டு டீம், எல்லாரும் உயிரோடு நடமாடுகிற ஆட்கள். ஒரே ஊரில் நாலு அந்தோணி, மூன்று சவேரியார் என்பதால் வீட்டுப்பெயரைச் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருந்தது. அண்ணன் எங்கள் டீமின் பதினோராம் நம்பர், இடதுகால்காரன். கம்ப்யூட்டர் ஆட்களின் பெயரைத்தான் மாற்றவிட்டதே தவிர வானிலையை மாற்றவிடவில்லை. அதனால் மார்கழியில் எங்கள் கரையில் முழங்கால் அளவு பனி மூடி ஆட்டம் தள்ளிவைக்கப்படும். அதைப் பார்த்து நானும் அண்ணனும் வயிறு நோகச் சிரித்திருக்கிறோம்.

நிஜத்தில் எங்கள் கரைகளில் லீக் கிடையாது. கோயில் திருவிழாவுக்கு டூர்னமென்ட் வைப்பார்கள். ஒருதரம் தோற்றால் வெளியே போக வேண்டும். அதனாலேயே யாருக்கும் தோற்க மனம் வராது, பாதி டூர்னமென்ட் அடிதடியில்தான் முடியும். அண்ணனுக்கு அதில் பெரிய வருத்தம் உண்டு. "லீக்குன்னா தோத்தவனுக்கும் அடுத்த வாரம் களி உண்டு. அப்பறம் என்னத்துக்கு அடிச்சிட்டு சாவணும்?" என்பான். களி என்றால் எங்கள் பக்கம் ஆட்டம். எட்டு ஊர் பங்குச் சாமியார்களையும் பார்த்து ஒரு லீக் நடத்தக் கேட்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கேட்பதற்குள் அவனுக்கு விசா வந்துவிட்டது.

எங்கள் கரையில் அது ஒன்றும் ஆச்சரியமான காரியம் இல்லை. வயது வந்தால் விசாவும் வரும். அரபிக்காரரின் மீன்பிடிப் போட்டில் வேலை. எங்கள் ஊர் ஆட்கள் ஏற்கெனவே சிலர் அதே போட்டில் இருந்தார்கள். போகிற அன்று பெட்டி கட்டுவதை விட்டுவிட்டு அண்ணன் என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்த்தி டீமை ஒப்படைத்தான்.

"ஞாயித்துக்கெழம பூசை கழிஞ்சு ஒரு களி. அதுக்கு மேல ஓட்டாத. எனக்க நாளும் டீமுக்க நாளும் ஒப்பம் போவணும், கேட்டியா?"

நான் தலையாட்டினேன். அம்மா வாசலில் அழுதுகொண்டிருந்தாள். இந்த நேரத்திலும் இதுகளுக்குப் பந்தா என்று அவள் நினைத்திருப்பாள்.

அம்மாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அப்பா ஆழ்கடல் போட்டுக்காரர். கொச்சியில் போட்டு ஏறினால் பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் திரும்பக் கரை காண்பார். அப்படிக் கடலுக்குப் போனவரைப் பற்றி வீட்டில் இருப்பவள் கெட்டதை வாயால் சொல்லவே கூடாது என்பது அம்மாவின் சட்டம். "அப்பா இந்த வாரம் வரமாட்டாவளா?" என்று நான் கேட்டால் வாயில் ஒரு அடி விழும். "எப்ப வருவாவன்னு கேளுட்டி" என்பாள். அரிசி தீர்ந்துபோனால்கூட நிறைஞ்சிருக்கு என்றுதான் சொல்வாள். ஒடிந்தது, முங்கியது, போய்விட்டது போன்ற சொற்கள் எங்கள் வீட்டில் கேட்காது. கடலுக்குக் காது உண்டு, அது அவ்வளவு பெரிய காது என்று அவள் முழுமனதாக நம்பினாள். அண்ணன் போனபிறகு இந்தச் சட்டம் இரண்டு கடலுக்குமாகச் சேர்த்து இறுகியது.

வெள்ளிக்கிழமை அங்கே லீவு. சாயங்காலம் அண்ணன் போன் பண்ணுவான். அம்மா மத்தியானத்திலிருந்தே செல்போனை முந்தானையில் முடிந்துகொண்டு திரிவாள். மணி அடித்ததும் எடுத்து, சாப்பிட்டியா மக்கா என்பாள். சாப்பிட்டேன். வேல எப்பிடி. கொள்ளாம். ஒடம்பு எப்பிடி. கொள்ளாம். அதோடு முடிந்தது. அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச எதுவும் இருக்காது. அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பாள், அவனும் அந்தப் பக்கம் சும்மா நிற்பான். பிறகு என்னைக் கேட்பான். நான் வாங்கியதும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைச் சொல்ல ஆரம்பிப்பேன். அவ்வளவுதான், அவன் குரலே மாறிவிடும். யாரை இறக்கினாய், ஏன் அவனை இறக்கினாய், பேக்கில் யார் நின்றது, கோல் எப்படி விழுந்தது என்று விடாமல் கேட்பான், கத்துவான், சிரிப்பான். அம்மா பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கம்ப்யூட்டரைப் போட்டபோது அம்மா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பந்துதான் பயலின் படிப்பைக் கெடுத்தது என்று ஆயிரம் தடவை சபித்தவள் அவள். "இதுல அவன் எவன்?" என்று கேட்டாள். பதினொன்று என்று எழுதிய வட்டத்தைக் காட்டினேன். அந்த வட்டத்தை அவள் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? கொஞ்சம் குனிந்து, கண்ணைச் சுருக்கி, தொட்டுப் பார்க்கலாமா என்பதுபோல் பார்த்தாள்.

அதன்பிறகு ஒரு ஞாயிறு விட்டதில்லை. ஆப்சைட் என்றால் என்ன என்று எனக்கே சரியாகத் தெரியாத காலத்தில் அம்மா அதைப் பற்றி அண்ணனிடம் போனில் வாதாடினாள். ஒன்பதாம் நம்பர் பந்தைத் தராமல் தானே அடித்து வெளியே போட்டால், "எனக்க பிள்ளைக்கி குடுத்தா ஒனக்க கை தேஞ்சா போவும்?" என்று திரையைத் திட்டுவாள். கால்தானே அம்மா தேயும் என்று நான் சொன்னால் எனக்கும் ஒரு திட்டு. ஒருமுறை பதினொன்று கோலை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே கரன்ட் போனது. திரும்பி வர இரண்டு மணிநேரம் ஆயிற்று. ஆட்டத்தை முதலிலிருந்து மறுபடி ஓட்ட வேண்டியிருந்தது. இந்த முறை வேறு மாதிரி நடந்தது, முன்னால் போட்டிருந்த ஒரு கோல்கூட இல்லாமல் போயிற்று. "நாம பாத்த கோலு பின்ன எங்கட்டி போச்சு?" என்று அம்மா கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை போனில் இப்போது அம்மாவே எல்லாம் சொன்னாள். நான் வெறும் திருத்தம் சொல்கிறவளாக ஆகிவிட்டேன். மேனேஜர் பதவி கையைவிட்டுப் போவதுபோல் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட இருந்தது.

ஐப்பசி மழை அடித்துப் பெய்துகொண்டிருந்த ஒரு புதன்கிழமை சாயங்காலம் போன் மணி அடித்தது. அண்ணன்தான். எஞ்சின் ரிப்பேர், போட்டு கரையில் கிடக்கிறது, சும்மா இருக்கிறேன், அதனால் கூப்பிட்டேன் என்றான். எனக்கு ஒரே சந்தோஷம். முந்தின ஞாயிறு நாங்கள் மூன்றுக்கு ஒன்றுமில்லாமல் ஜெயித்திருந்தோம், அதில் இரண்டு அவன் கோல். அம்மாவிடமிருந்து போனைப் பிடுங்கி அதைக் கத்திச் சொன்னேன். "ம்... கொள்ளாம்" என்றான். யார் பந்து கொடுத்தது என்று கேட்கவில்லை. கேட்கவே இல்லையே என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அம்மா துண்டிக்கப்பட்ட போனைக் கையில் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்தபடி இருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அடுத்த புதன்கிழமை வந்தது. எஞ்சினுக்குச் சாமான் வந்து சேரவில்லை என்றான். அம்மா, சரி மக்கா என்றாள். ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றிக்கூட எதுவும் சொல்லவில்லை.

அதற்குப் பிந்திய ஞாயிறு ஆட்டத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் எனக்கு ஒரு யோசனை சொன்னது. பதினோராம் நம்பர் களைத்துப்போயிருக்கிறான், இந்த ஆட்டத்துக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று. நான் நல்ல மேனேஜர். அவன் பெயரை எடுத்துவிட்டு வேறொருவனைப் போடப் போனேன். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"எறக்கு. அவன ஒருக்க பாத்துக்கிடுதேன்."

இறக்கினேன். பாதி ஆட்டத்தில் வட்டங்கள் இரண்டு மோதிக்கொண்டன. ஆட்டம் நின்றது. திரையில் சிவப்பாக ஒரு கட்டம் வந்து, அதில் நாலைந்து வரி இங்கிலீஷ். நான் மனசுக்குள் வாசித்துவிட்டு அம்மாவைப் பார்த்தேன். எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டில் சொல்லக்கூடாத சொல் அதில் இருந்தது.

"என்னட்டி எழுதியிருக்கு? வாசி" என்றாள்.

"கால் எலும்பு ஒடிஞ்சிட்டாம்மா. அஞ்சு மாசம் எறங்க முடியாதாம்." சொல்லிவிட்டு, அடி விழுமென்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அடி விழவில்லை. அம்மா என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். முக்காலியிலிருந்து எழுந்து, முகம் கழுவி, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, மழையில் குடைகூட இல்லாமல் கோயிலுக்கு நடந்தாள்.

அந்தப் புதன்கிழமை போன் வரவில்லை. அவள் போய் என்ன செய்தாள் என்பது அடுத்த ஞாயிறு பூசையில்தான் எனக்குத் தெரிந்தது. ஊருக்கே அப்போதுதான் தெரிந்தது. பூசை தொடங்கும் முன் அந்த வாரம் யார் யார் என்னென்ன கருத்துக்காகப் பூசை வைத்திருக்கிறார்கள் என்று சாமியார் வாசிப்பார். இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, பரீட்சையில் ஜெயித்ததற்கு நன்றியாக, வள்ளம் வாங்கியதற்கு நன்றியாக என்று வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தவர், கடைசியில், "கடல் கடந்து வேலை செய்யும் சங்குவீட்டு மகனின் கால் எலும்பு முறிவு குணமாக வேண்டி, அவருடைய தாயார்" என்றார்.

கோயில் முழுவதும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்துக்கொண்டது. சங்குவீடு எங்கள் வீடு. நான் அரண்டுபோய் அம்மாவைப் பார்த்தேன். அரிசிப் பானையிடம்கூடக் கெட்ட சொல் சொல்லாதவள், பூசைக் கருத்தை எழுதி வாங்குகிற உபதேசியாரிடம் போய்த் தன் வாயாலேயே ஒடிந்த காலை எழுதக் கொடுத்திருக்கிறாள். அம்மா கண்ணை மூடி முழந்தாளில் நின்றாள்.

வெளியே வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். எப்பிடி ஆச்சு, என்னைக்கி ஆச்சு, எந்த ஆஸ்பத்திரி என்று ஒருத்தியும் கேட்கவில்லை. அவர்களுக்கும் அதே கடல், அதே சட்டம். கையைப் பிடித்துக்கொண்டு, மாதாவு காப்பாத்துவா என்று மட்டும் சொன்னார்கள். நடந்து வரும்போது என்னால் பொறுக்க முடியவில்லை.

"அது கம்ப்யூட்டர்ல உள்ள காலு இல்லியாம்மா?"

"வாய மூடிட்டு வா ஏட்டி."

மத்தியானத்துக்குள் ரொட்டியும் ஆரஞ்சும் நேந்திரம்பழமும் வந்து குவிந்துவிட்டன. காலொடிந்தவன் வீட்டுக்கு வெறுங்கையோடு வருவது எங்கள் கரையில் வழக்கம் இல்லை. காலொடிந்தவன் வீட்டில் இல்லையே என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டிலில் வைக்க ஆள் இல்லாததால் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். ஆரஞ்சை நான்தான் தின்றேன். தின்றுகொண்டே பக்கத்துவீட்டுப் பிள்ளை கேட்டதற்கு நடந்ததை நடந்தபடி சொன்னேன். சாயங்காலம் ஆவதற்குள் ஊர் சிரிக்க ஆரம்பித்துவிட்டது.

சிரிப்பு என்றால் சாதாரணச் சிரிப்பு இல்லை. மீன் ஏலம் போடுகிற இடத்தில் ஏலத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அம்மாவுக்குக் கம்ப்யூட்டருக்குப் பூசை வைத்தவள் என்று பெயர் விழுந்தது. கோல்கீப்பர் வந்து, தனக்கு முதுகுப்பிடிப்பு இருப்பதாகவும் கம்ப்யூட்டரில் அதற்கும் ஒரு பூசை வைக்க முடியுமா என்றும் கேட்டுவிட்டுப் போனார். சாமியார் ஆளனுப்பி அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார். நானும் கூடப் போயிருந்தேன். விளையாட்டில் வந்த காயத்துக்கா பூசை வைத்தாய் என்று அவர் கேட்டார். அவர் முகத்திலும் சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது.

"பூசை கழிஞ்சிட்டுல்லா சாமி, இனி திருப்பி எடுக்க முடியாதுல்லா" என்றாள் அம்மா. சாமியார் ஆசீர்வதித்து அனுப்பிவிட்டார். எனக்கோ மானம் போயிற்று. அம்மா ஒரு விவரம்கெட்டவள், வட்டத்துக்கும் மனுஷனுக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்று அவள் பின்னால் நடந்துகொண்டே நினைத்தேன். என் இங்கிலீஷைக் கற்றுக்கொள்ளாமல் என் வேலையில் தலையிட்டால் இப்படித்தான் ஆகும்.

செவ்வாய்க்கிழமை அப்பா வந்தார். கொச்சியில் போட்டைக் கட்டிவிட்டு, களியக்காவிளையில் பஸ் மாறும்போது ஊர்க்காரர் ஒருவர் கையைப் பிடித்து, பயலுக்குக் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அந்த மனுஷருக்குக் கதையின் முதல் பாதிதான் தெரியும். மிச்சத் தூரத்தை அப்பா எப்படி வந்தார் என்று அவரே பிறகு பலதடவை சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் உட்காராமல், டிரைவரின் முதுகுக்குப் பின்னாலேயே நின்று வந்தாராம். எங்கள் ஜங்ஷனில் இறங்கியதும் சாயாக்கடையில் இரண்டாவது பாதி கிடைத்தது. சுற்றி நின்று சிரித்தார்களாம்.

வீட்டுக்கு வந்து அவர் குதித்த குதியைச் சொல்ல முடியாது. "ஒனக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு? கடலுக்குப் போனவனுக்க கால ஒடிச்சி கோயில்ல வாசிச்சியா? இந்தச் சவத்த எடுத்து கடல்ல போடுதேன் பாரு" என்று கம்ப்யூட்டரை வயரோடு தூக்கப் போனார். நான் மேசையைக் கட்டிக்கொண்டு அழுதேன். அம்மா அழவில்லை. அவருக்குக் கஞ்சியும் பயறும் எடுத்து வைத்தாள். "நாந்தான் எறக்கச் சொன்னேன்" என்று மட்டும் ஒருதரம் சொன்னாள். அது அவர் கேட்டதற்குப் பதிலே இல்லை.

மறுநாள் சாயங்காலம் முற்றத்தில் அம்மா சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா கோபம் தணிந்து வலைக்கயிறு முடைந்துகொண்டிருந்தார். போன் அடித்தது. அண்ணன் என்றதும் அப்பாவே எடுத்தார். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை அழுத்தச் சொல்லி என்னிடம் நீட்டினார். அவர் முகத்தில் இப்போது ஒரு சிரிப்பு வந்திருந்தது. பையனோடு சேர்ந்து சிரிக்க ஒரு விஷயம் கிடைத்த சந்தோஷம்.

"ஏலே, நீ கால் ஒடிஞ்சு கெடக்கியாமே? ஒங்கம்மா பூசையெல்லாம் வச்சு முடிச்சிட்டா. ஊரே வந்து பாத்துட்டு போயிட்டு."

சொல்லிவிட்டு, அவன் சிரிப்பதற்காகக் காத்திருந்தார். நாங்கள் எல்லாருமே காத்திருந்தோம். போனில் ஒரு சத்தமும் இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன். கட்டாகவில்லை. பிறகு அண்ணன் குரல் வந்தது.

"யாருப்பா அங்க வந்து சொன்னா?"

அப்பா முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எடுத்துவிட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அம்மா மீன்சட்டியை விட்டு எழுந்து, செதில் ஒட்டிய கையைத் தூக்கிப் பிடித்தபடி வந்தாள். போனை வாங்கவில்லை. என் கையிலிருந்த போனுக்கு நேரே குனிந்து, பதறாமல், சாப்பிட்டியா என்று கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"எந்தக் காலு மக்கா?"

"எடதும்மா" என்றான் அண்ணன். சொன்னதும் ஸ்பீக்கரில் அவன் அழுகிற சத்தம் கேட்டது. என் அண்ணன் அழுது நான் அதற்கு முன் கேட்டதில்லை.

நங்கூரக் கயிறு திடீரென்று இழுபட்டுக் காலைச் சுற்றி, கயிறு சுருட்டுகிற வின்ச்சோடு சேர்த்து அடித்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்துத் தைத்து, ரூமில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். ஊரில் யாரிடமும் சொல்லக்கூடாது என்று கூட இருந்த எங்கள் கரை ஆட்களிடம் அவன் சத்தியம் வாங்கியிருந்தான். எழுந்து நடந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தானாம். அப்பா கேட்டதும், சத்தியத்தை மீறி எவனோ ஊருக்குச் சொல்லிவிட்டான் என்றுதான் அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஊன்றுகோலோடு வந்து இறங்கினான். நெய்யூர் ஆஸ்பத்திரியில் மறுபடி ஒரு ஆபரேஷன் ஆயிற்று. இப்போது நன்றாக நடக்கிறான், கொஞ்சம் சாய்ந்து நடக்கிறான், அவ்வளவுதான். பந்து விளையாட மட்டும் முடியவில்லை. எட்டு ஊர் லீக்கைப் பற்றி அவன் அதற்குப்பிறகு யாரிடமும் பேசிக் கேட்டதில்லை.

ஊர் சிரிப்பதை ஒரே நாளில் நிறுத்திக்கொண்டது. சிரித்த அதே வாய்கள் கம்ப்யூட்டருக்கு எல்லாம் தெரியும் என்று சொல்ல ஆரம்பித்தன. மகனை, புருஷனைக் கல்ஃபுக்கு அனுப்பிய பெண்கள் இருட்டுவதற்கு முன்னால் வந்து, கூச்சத்தோடு வாசலில் நின்று, "எம்மவன் அதுல உண்டா மக்கா? எப்பிடி இருக்கான்னு பாத்துச் சொல்லேன்" என்று கேட்டார்கள். அண்ணன் எல்லாரையும்தான் அதில் எழுதி வைத்திருந்தானே. நான் திரையைப் போட்டு ஒவ்வொருத்தராகத் தேடுவேன். அடுக்களையிலிருந்து அம்மா குரல் வரும்: "நல்லா இருக்கான்னு சொல்லுட்டி." திரையில் என்ன இருந்தாலும் அதையே சொல்வேன். அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள்.

நானும் அவர்களைப் போலத்தான் நம்பினேன். நிஜத்தில் நடந்தது கம்ப்யூட்டருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, கம்ப்யூட்டர் சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரிந்தது என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தச் சாயங்காலம் போனை வைத்ததும் அப்பா அம்மாவைக் கேட்டதும் அவள் சொன்னதும் என் காதுபடத்தான் நடந்தன.

"எந்தக் காலுன்னு கேட்டியே, ஒனக்கு எப்பிடித் தெரிஞ்சிது? அந்த எழவு பெட்டியா சொல்லிச்சு?"

"பொதங்கெழமையில்லா போன் பண்ணுதான்" என்றாள் அம்மா.

அப்பாவுக்கு அது போதும். ஆயுள் முழுக்கக் கடலில் கிடந்தவர், புரிந்துகொண்டார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாரத்தின் நடுவில் போட்டுக்காரன் கடலில் இருக்க வேண்டும். டவர் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். கரையில் இருந்து, அதுவும் பந்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் பேசுகிறான் என்றால் அவனுக்கு என்னவோ ஆகியிருக்கிறது. முதல் புதன்கிழமையே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? கணவன் ஒரு கடலில், மகன் ஒரு கடலில். வாயைத் திறந்தால் கேட்டுவிடுகிற கடல். அந்தச் சொல்லை வேறு யாராவது முதலில் சொல்லித் தொலைக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள், கம்ப்யூட்டர் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். ஊர் சிரித்தபோது சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அன்றைக்கு இது எதுவும் எனக்குத் தெரியாது. புதன்கிழமையும் ஒரு கிழமைதானே, அன்றைக்குப் போன் பண்ணினால் என்ன என்று யோசித்துக்கொண்டே, அப்பாவுக்குச் சாயா போட அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.